லேக் மார்க்கெட் அத்தை

ஞாயிற்றுக்கிழமை உலை கொதிக்கும்போதே அம்மா அத்தைக்கென்று ஒரு சொம்பு கஞ்சியைத் தனியாக வடித்து வைத்துவிடுவாள். அதை அத்தை பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவாள். ஒரு பருக்கை தப்பினாலும் புடவையில் வெள்ளைப் பொட்டாகக் காய்ந்து நிற்கும். திங்கட்கிழமை டல்ஹவுசி ஸ்கொயரில் ஆபீஸ் போய்ச் சேரும்வரை அது அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். வெள்ளைப் புடவையென்றால் கஞ்சியில் இரண்டு சொட்டு நீலம். முக்கி, முறுக்கிப் பிழியாமல், நீரை வடியவிட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோவோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. "இழு" என்பாள். இழுப்பேன். "உன் பக்கம் கோணுது பாரு, கரையைப் பிடி." காய்ந்ததும் கரையோடு கரை சேர்த்து மடித்து மெத்தைக்கு அடியில் பரப்பிவிடுவாள். ராத்திரி அதன்மேல் நாங்கள் இருவரும் படுத்துக்கொள்வோம். இஸ்திரிக் காசு மிச்சம். தூக்கத்தில் நான் புரண்டு படுத்தால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாள். காலையில் மடிப்பு கலைந்திருந்தால் மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

வங்காளத்துத் தாந்த் புடவை தறியிலிருந்து வரும்போதே கஞ்சியோடுதான் வரும். நெல்லைப் பொரித்த பொரியைக் கரைத்து நெசவாளர்கள் போடுகிற கஞ்சி அது. இரண்டு துவைப்பில் போய்விடும். அப்புறம் புடவையின் மானம் கட்டுகிறவள் கையில். காலை எட்டரை மணிக்கு அத்தை வாசற்படி இறங்கும்போது கொசுவம் ஆறும் ஒரே அகலத்தில் நிற்கும். முந்தானை இடது தோளில் ஒரே ஒரு ஊசியில். கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் கறுப்புத் தோல் பட்டையோடு ஒரு கடிகாரம். அவ்வளவுதான் அவள் அலங்காரம்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. அந்த நாளில் ஊரைக் கல்கத்தா என்றுதான் சொல்வோம். கிளைவ் தெருக் கம்பெனிகளுக்கு ஸ்டெனோவாகவும் கணக்குப்பிள்ளையாகவும் வந்த தமிழர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றி இறங்கி, அப்படியே தங்கிவிட்ட பேட்டை. மார்க்கெட் வாசலில் வாழையிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும். காபிக்கொட்டை வறுபடும் வாசனை தெருவுக்கு வரும். கோமள விலாஸிலும் ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோமிலும் மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திறங்கிய பிரம்மச்சாரிகள் சாம்பாரைத் தேடி உட்கார்ந்திருப்பார்கள். பூ விற்கும் வங்காளிக் கிழவர் 'ஒரு முழம்' என்று தமிழிலேயே சொல்வார். முழத்தை மட்டும் அவர் கையால் அளப்பார், குட்டைக் கை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கணவரை இழந்தவள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், புழக்கடைக்கும் கூடத்துக்கும் நடுவே அவள் வாழ்க்கை முடிந்துவிடும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹௌரா மெயிலில் இரண்டு ராத்திரி. வந்த மறுமாதமே டைப்ரைட்டிங் வகுப்பு, பிறகு பிட்மன் சுருக்கெழுத்து. பாட்டிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. மகன் பேச்சை மீற முடியாமல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: வெள்ளைப் புடவை.

அத்தை மறுக்கவில்லை. முதல் வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால், சாந்திப்பூர்ப் பக்கத்திலிருந்து மூட்டையைத் தலையில் சுமந்து வருகிற தாந்தி என்கிற நெசவாளியிடம் ஒரு வெள்ளைப் புடவை எடுத்தாள். நூலளவுக்குக் கறுப்புக் கரை. பாட்டி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, வெள்ளைதானே. அடுத்த பூஜைக்குக் கரை அரை விரற்கடை. அதற்கடுத்த வருஷம் ஒரு விரற்கடை, கறுப்புக்குப் பதில் கருநீலம். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அம்மாதான் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "உன் அத்தை சண்டையே போடலைடி. வருஷா வருஷம் கரையை மட்டும் ஒரு விரல் தள்ளி வச்சா."

எனக்கு நினைவு தெரிந்தபோது கரை மூன்று விரலுக்கு வந்திருந்தது. புடவையின் உடல் மட்டும் இன்னும் வெள்ளையோ சந்தன நிறமோ. ஒரு புரட்டாசி மாதம் தாந்தி வந்து கூடத்துச் சிவப்புத் தரையில் மூட்டையை அவிழ்த்தார். தவணைக் கணக்கெழுதும் சின்ன நோட்டு அவர் இடுப்பில் செருகியிருக்கும். டாங்காயில் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். தேசப் பிரிவினையில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து ஃபுலியாவில் தறி போட்டவர்கள் நெய்தது. அத்தை வழக்கம்போல வெளுத்த ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பாட்டி, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"அந்த மயில்கழுத்து என்ன விலைன்னு கேளு."

கூடத்தில் யாரும் அசையவில்லை. அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். அத்தை விலை கேட்டாள். தாந்தி சொன்னார். "வச்சுக்கோ" என்றாள் பாட்டி. அவ்வளவுதான் பேச்சு. அத்தை அழுவாள் என்று நான் எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புடவையைப் பிரித்து, நெசவில் எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் விட்டிருந்தது. இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டாள்.

அத்தையோடு ட்ராமில் போவது எனக்குப் பெரிய பண்டிகை. அப்போது ட்ராமுக்கு இரண்டு பெட்டி. முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, விசிறி கிடையாது, கட்டணம் கொஞ்சம் குறைவு. அப்பா பின்பெட்டியில்தான் போவார். அத்தை முன்பெட்டி. "ஆபீசுக்குள்ள வேர்த்து வடிஞ்சு நுழைஞ்சா, அன்னிக்கு முழுக்க நம்மளை வேர்க்க வைப்பாங்க" என்பாள். அப்பா இதை ஆடம்பரம் என்றே கடைசிவரை நினைத்தார். கண்டக்டர் டிக்கெட் கட்டை விரலால் சர்ரென்று நெருடிக்கொண்டு வருவார். அத்தையைக் கண்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். "பஷுன் தீதி", உட்காருங்க அக்கா, என்று இடம் காட்டுவார்.

ஒருமுறை பெண்கள் இருக்கையில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒருவன் நாக்கைச் சுழற்றி அண்டு குண்டு என்று ஏதோ மிழற்றினான். கல்கத்தாவில் வளர்ந்த எந்த 'மத்ராஜி'ப் பிள்ளைக்கும் இது பழக்கம்தான். எனக்குக் காது சுட்டது. அத்தை அவனைப் பார்த்துத் தெளிவான வங்காளியில், தமிழ் வாடையை மறைக்க எந்த முயற்சியும் இல்லாமல், "தம்பி, நீங்க எங்க இறங்கணும்? நான் கடைசி வரைக்கும் போகணும், அதான் கேக்கறேன்" என்றாள். குரலில் குத்தல் துளியும் இல்லை. நிஜமாகவே தகவல் கேட்கிற தொனி. இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். அவள் நன்றி சொல்லி, கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி, உட்கார்ந்தாள். பவானிப்பூர் தாண்டும்வரை அவர்கள் எங்கள் பக்கமே திரும்பவில்லை.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து, அத்தைக்குப் பயம் என்கிற சமாசாரமே கிடையாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை போயிற்று.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள். பள்ளிக்கூடம் இல்லாததால் என்னையும் கூட்டிப்போனாள். தேயிலை வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனி. பழைய கிளைவ் தெருவை ஒட்டிய சந்தில், இரும்புக் கம்பிக் கதவை இழுத்து மூடும் லிப்ட் உள்ள கட்டடம். உயரமான கூரையிலிருந்து நீளத் தண்டில் தொங்கும் விசிறிகள், அவற்றுக்குப் பயந்து எல்லா மேஜையிலும் காகிதக் கனங்கள். அத்தையின் மேஜை ஜன்னல் ஓரம். என்னை ஒரு முக்காலியில் உட்கார்த்தி, கெட்டுப்போன கார்பன் தாள் ஒன்றைக் கொடுத்தாள்.

பதினொரு மணி வாக்கில் மேனேஜர் வந்தார். புதிதாக வந்தவர் என்று பிறகு தெரிந்தது. கையில் ஒரு கடிதம். சரக்கு ஏற்றும் தேதி தப்பாகப் போய், எங்கோ வெளியூரில் சிக்கலாகிவிட்டது. தப்பு அத்தையுடையது என்றார். இங்கிலீஷில் ஆரம்பித்த கத்தல், பாதியில் எனக்குப் புரியாத வேறு பாஷைக்கும் போய் வந்தது. பியூன்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தட்டச்சுச் சத்தம் முழு அறையிலும் நின்றுபோயிற்று. அவர் மேஜையைத் தட்டினார். காகிதக் கனம் ஒன்று உருண்டு விழுந்தது.

அத்தை எழுந்து நின்றாள். குனிந்து கனத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு சுருக்கெழுத்து நோட்டில் ஒரு புதுப் பக்கத்தை மெதுவாகப் புரட்டி, மறுபடியும் பென்சிலை எடுத்து, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டாள்:

"சார், இதையும் எழுதிக்கட்டுமா?"

யாரோ இருமினார்கள். மேனேஜர் வாயைத் திறந்து மூடினார். அத்தை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள். அவள் நோட்டு ஒவ்வொன்றின் அட்டையிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதியிருக்கும். பக்கத்தைக் கண்டுபிடித்து, கோடும் வளைவும் புள்ளியுமாக இருந்ததை அவர் சொன்னது சொன்னபடியே வாசித்தாள். சரக்கேற்றும் தேதியும் அதில் இருந்தது. அவர் வாயால் சொன்ன தேதி. வாசித்து முடித்து, "திருத்தின கடிதம் பத்து நிமிஷத்துல உங்க மேஜைக்கு வந்துடும் சார்" என்று சொல்லி உட்கார்ந்து, இயந்திரத்தில் தாளைச் செருகினாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்தத் தெருவிலேயே கிடையாது என்று அப்பா பிறகு சொன்னார். மற்றவர்களிடம் அவர் தொடர்ந்து கத்திக்கொண்டுதான் இருந்தாராம். அத்தையின் மேஜைப் பக்கம் மட்டும் கடிதத்தைப் பியூன் கையில் கொடுத்தனுப்புவார்.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்தோம். எஸ்பிளனேட் வரை நடை. சௌரங்கியை அப்போது மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய வேலை. 1984 அக்டோபரில்தான் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூருக்கு முதல் ரயில் ஓடியது. நடுவிலிருந்த வருஷங்களில் வளர்ந்த எங்களுக்குக் கல்கத்தா என்றால் பள்ளமும் பலகையும் சேறும்தான். பலகைமேல் நடக்கும்போது அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை ஈரமாக இருந்தது. வலிக்கிற அளவுக்கு இறுக்கமாகவும் இருந்தது.

கே.சி. தாஸ் கடைக்குக் கூட்டிப்போய் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தாள். அவள் ஒன்றைக் கரண்டியால் நாலாக வெட்டி, பாகு சொட்டாமல், மிக நிதானமாகச் சாப்பிட்டாள். நான் சட்டையெல்லாம் பாகாக்கிக்கொண்டு கேட்டேன்:

"அத்தை, உனக்குப் பயமா இருந்துச்சா?"

"பின்ன? கால் நடுங்குச்சு. புடவைக்குள்ள இருந்ததால தெரியலை."

"அப்புறம் ஏன் உடனே பேசலை?"

"வாயைத் திறந்தா குரலும் நடுங்கும்னு தெரியும். அதான் கனத்தை எடுத்து வச்சேன், பென்சிலை வச்சேன், பக்கத்தைத் திருப்பினேன். அதுக்குள்ள குரல் வந்துடுச்சு."

அதன்பிறகு அத்தையின் நிதானத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஊர் அதைச் சுபாவம் என்றது. எனக்கு அதன் பின்கட்டு தெரியத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி, அட்டையில் தேதி எழுதின நோட்டுகள், நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை வேகம். சாயங்காலம் லோட்ஷெட்டிங் வந்து தெருவே இருண்டு, விசிறி நின்று, எல்லாரும் முதலமைச்சர் ஜோதி பாசுவைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, அத்தை இருட்டில் உட்கார்ந்து மடியில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். ரேடியோ ஓடினால் செய்தி வாசிப்பவர் வேகத்துக்கு; இல்லாவிட்டால் அம்மாவும் பாட்டியும் பேசுகிற வேகத்துக்கு. அம்மா சொல்வாள், தான் மாமியாரிடம் பேசியது அத்தனையும் எங்கோ பிட்மன் எழுத்தில் பதிவாகியிருக்கும் என்று.

சந்து முனையில் ஒரு வீட்டின் திண்ணை உண்டு. ரோவாக் என்பார்கள். வேலை கிடைக்காத பட்டதாரிப் பையன்கள் அதில் உட்கார்ந்து கால்பந்தும் அரசியலும் பேசுவார்கள். மோகன் பகான் ஜெயித்த நாளும் தோற்ற நாளும் அவர்கள் குரலிலேயே தெரிந்துவிடும். போகிற வருகிற பெண்களைப் பற்றிய விமர்சனமும் உண்டு. அத்தை திரும்பும் நேரத்தில் சிகரெட்டுகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவள் அவர்களை ஒருநாளும் கண்டித்ததில்லை; பார்க்காததுபோல் தலைகுனிந்து விரைந்ததுமில்லை. முகம் பார்த்து, லேசாகத் தலையசைத்து, தன் வேகத்திலேயே கடந்து போவாள்.

துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு அவர்களே வருவார்கள். அப்பாவுக்கும் அவர்களுக்கும் வருஷாவருஷம் தகராறு. அவர்கள் ஐம்பது எழுதுவார்கள், இவர் பத்து என்பார், குரல் ஏறும், கீழும் மேலும் ஜன்னல்கள் திறக்கும். ஒரு வருஷம் அப்பா ஊரில் இல்லாதபோது அத்தை கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். போன வருஷ ரசீதை எடுத்துக் காட்டி, அதைவிட இரண்டு ரூபாய் கூடுதலாக எண்ணிக் கொடுத்து, "ரசீதுல பேரு சரியா எழுதுங்க, போன தடவை ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றாள். மறுபேச்சு இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து சந்தா கேட்க அவள் இருக்கிற நேரம் பார்த்து வந்தார்கள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தப் பையன்களை நான் மறக்காமலிருக்க 1978 செப்டம்பர்க் கடைசி ஒரு காரணம். பூஜைக்குச் சில நாளே இருந்தது. மழை விடாமல் பெய்தது. வங்காளத்தின் பாதி மாவட்டங்கள் வெள்ளத்தில், கல்கத்தா தண்ணீருக்குள். எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் கட்டில் சட்டம்வரை வந்துவிட்டது. பாத்திரங்கள் கூடத்தில் மிதந்தன. பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடியில் மாஷிமா வீட்டுக்கு ஏற்றியது அந்த ரோவாக் பையன்கள்தான். நாங்களும் அங்கேயே தஞ்சம்.

மாஷிமா ஓய்வுபெற்ற ஆசிரியை, பெத்யூன் கல்லூரியில் படித்தவர், அவரும் கைம்பெண். கரையே இல்லாத வெள்ளை 'தான்' புடவை, மூக்குக் கண்ணாடி, எப்போதும் கையில் செய்தித்தாள். மின்சாரமில்லாத அந்த ராத்திரிகளில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டே அவர் பேச, அத்தை எங்களுக்குத் தமிழில் சொல்வாள். ஒரு ராத்திரி அத்தையின் கொசுவத்தைக் காட்டி, "நீ கட்டியிருக்கியே, இந்தக் கட்டு எங்க தாகூர் வீட்டு மருமகள் கொடுத்தது, தெரியுமா?" என்றார். ஞானதானந்தினி தேவியைச் சொன்னார். இந்தியர்களில் முதலில் ஐ.சி.எஸ். தேறிய சத்யேந்திரநாத்தின் மனைவி. கணவரோடு பம்பாய்க்குப் புறப்பட்டபோது, வெளியே உடுத்திக்கொண்டு போக வங்காளப் பெண்ணுக்கு முறையான உடையே இல்லை. ரவிக்கையில்லாமல் ஒற்றைத் துணியைச் சுற்றிக்கொள்வதுதான் அந்தப்புர வழக்கம். பிரெஞ்சுத் தையற்காரரிடம் தைத்த உடையை மாட்டிக்கொண்டு திண்டாடியிருக்கிறார். பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்துக் கற்று, முந்தானையை இடது தோளுக்கு மாற்றி, வலது கையை வேலைக்கு விட்டு, ரவிக்கை உள்பாவாடையோடு உடுத்தினார். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1877-ல் கணவர் துணையில்லாமல், வயிற்றில் ஒன்றும் கையில் மூன்றுமாகக் குழந்தைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பெண் அவர். "ஒருத்தரோடயும் வாதாடலை, கட்டிக்கிட்டு வெளியே வந்தார், அவ்வளவுதான்" என்றார் மாஷிமா. பாட்டி இதைக் கேட்டு, ஒன்பது கஜத்தின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எல்லா ஊர்லயும் உறவுக்காரங்க ஒண்ணுதான்" என்றாள். அத்தை அதை வங்காளியில் சொன்னாள். மாஷிமா வாய்விட்டுச் சிரித்தார்.

இன்னொரு ராத்திரி காதம்பினி கங்கூலி கதை. இதை நான் பின்னாளில் தேடிப் படித்தும் பார்த்துவிட்டேன். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1883-ல் பட்டம் வாங்கிய முதல் இரண்டு பெண்களில் ஒருவர். மற்றவர் சந்திரமுகி பாசு. இரண்டு பேரும் பெத்யூன் என்பதில் மாஷிமாவுக்குச் சொந்த வீட்டுப் பெருமை. காதம்பினி மருத்துவம் படித்தார், தொழில் செய்தார், இரவில் வண்டியேறிப் பிரசவம் பார்க்கப் போனார். 1891-ல் 'பங்கபாசி' பத்திரிகை அவரை வேசி என்று ஜாடையாக எழுதியது. அவர் மறுப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை, வழக்குப் போட்டார். ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கிடைத்தது. அதற்குப் பிறகு பிரிட்டனுக்குப் போய், எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் என்று தகுதிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். நோயாளி வீட்டுக்குக் குதிரை வண்டியில் போகும் நேரத்தில் மடியில் சரிகைப் பின்னல் வேலை செய்துகொண்டே போவாராம். நான் அந்தப் பின்னலைத்தான் பிடித்துக்கொண்டேன். ஊரே வாயில் போட்டு மென்ற ஒரு பெண், வண்டிக்குள் அவசரமில்லாமல் லேஸ் பின்னிக்கொண்டு போகிறாள்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய அன்றே அத்தை வேலைக்குக் கிளம்பினாள். அப்பா தடுத்தார். "சம்பளப் பட்டியல் டைப் அடிக்கணும், நாள் தப்பினா பூஜைக்கு முன்னாடி பியூன்களுக்குக் காசு வராது" என்றாள். பழைய புடவையொன்றைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டி, கஞ்சி போட்ட புடவையையும் செருப்பையும் ரெக்சின் துணியில் சுருட்டிக் கட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பழுப்புத் தண்ணீரில் அவள் இறங்கியதும், ரோவாக்கிலிருந்து இரண்டு பையன்கள் தாங்களாகவே இறங்கி, மூங்கில் கழியால் தரையைத் தட்டித் தட்டி, திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்கள். அவள் கூப்பிடவில்லை. அவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. மெயின் ரோடில் அவளைக் கை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். டல்ஹவுசியில் அன்று வந்து சேர்ந்தவர்களெல்லாம் நனைந்த கோழிகளாக உட்கார்ந்திருக்க, அத்தை மட்டும் மடிப்புக் கலையாமல் மேஜையில் இருந்தாள் என்று பியூன் ஒருவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சத்யஜித் ராயின் 'மகாநகர்' 1963-ல் வந்தது. ட்ராமின் மேல்தண்டு கம்பியில் உரசி ஓடுவதில் தொடங்கும் படம். வேலைக்குப் போகத் தொடங்கும் நடுத்தர வீட்டு மருமகள் ஆரத்தியாக மாதவி முகர்ஜி. வேலைக்குப் போய்ச் சில வருஷமே ஆகியிருந்த அத்தை அதை அம்மாவோடு போய்ப் பார்த்திருக்கிறாள். பின்னால் கல்லூரி நாளில் நான் ஃபிலிம் சொசைட்டியில் பார்த்துவிட்டு வந்து, கடைசிக் காட்சியில் சொக்கிப்போய்ப் பேசினேன். ஆங்கிலோ இந்தியத் தோழிக்கு நடந்த அநியாயத்துக்காக ஆரத்தி தன் வேலையை உதறுகிறாள்; கணவனுக்கும் ஏற்கெனவே வேலை போயிருக்கிறது; இருவரும் கூட்டத்தில் கலக்கிறார்கள். அத்தை காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "நல்ல படம்தான். அடுத்த மாச வாடகை?"

எனக்குக் கோபம் வந்தது. அநியாயத்தைப் பார்த்துச் சும்மா இருக்கச் சொல்கிறாளா என்று. இன்றும் அந்த இடத்தில் நான் ஆரத்தி பக்கம்தான். நிதானமாக இருப்பவர்களை உலகம் சௌகரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அத்தைக்குக் கீழே வேலை கற்றவர்கள் அவளைத் தாண்டி மேலே போனார்கள், அவள் கடைசிவரை ஸ்டெனோவாகவே இருந்து ஓய்வுபெற்றாள். கத்தியிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. அவளிடம் இதைக் கேட்டேன். "கத்தினவங்களுக்கும் கிடைக்கலையே" என்றாள். கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

நான் மெட்ராஸில் முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு அவளிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. தட்டச்சு செய்யப்பட்ட முகவரி. உள்ளே தமிழில் அவள் கையெழுத்து. ஆசீர்வாதம், தைரியம் சொல்லல் எதுவும் கிடையாது. புதுப் புடவை கட்டாதே, இரண்டு தரம் துவைத்ததைக் கட்டு, அதுதான் நீ சொன்னபடி கேட்கும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். அரை மணி முன்னால் போய்ச் சேர், ஆனால் உள்ளே போகாதே, வெளியே நின்று காற்று வாங்கு. உட்காரச் சொன்னால் நாற்காலியில் முழுசாக உட்கார், நுனியில் உட்காராதே. தெரியாததைத் தெரியாது என்று ஒரே தரம் சொல், இரண்டாம் தரம் விளக்காதே. குரல் நடுங்கும்போல் இருந்தால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடி, அவர்கள் காத்திருப்பார்கள். சம்பளம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் தொகையைச் சொல். சொன்னபின் வாயை மூடிக்கொள். அவர்கள் பேசும்வரை நீ பேசாதே, எவ்வளவு நேரமானாலும்.

கேட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான் மனத்தில் வைத்திருந்ததைவிட இருநூறு ரூபாய் கூட்டிச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். நடுவிலிருந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். ஓரத்திலிருந்தவர் என் விண்ணப்பத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொஞ்சம் குடித்து, அதன் இடத்திலேயே வைத்தேன்.